அயோடைடு என்னும் சொல்லும் பெர்னார் கூர்த்துவாவும்

தமிழ்த்துறை மலரில் வேதியியலார் ஒருவரின் வரலாறு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். சொல் பிறந்த கதையைத் தேடுவது மொழி பயில்வோரின் உரிமை. அச்சொல் எத்துறையில் வழங்கினும் அவ்வுரிமை மாறுவதில்லை. வேதியியல் வகுப்பில் நம் மாணவர்கள் நாள்தோறும் சொல்லும் சொற்களுள் ஒன்று ‘அயோடைடு’. பொட்டாசியம் அயோடைடு, வெள்ளி அயோடைடு, காரீய அயோடைடு என்று பட்டியல் நீளும். அயோடின் என்னும் தனிமம் ஓர் உலோகத்தோடோ வேறொரு தனிமத்தோடோ கூடி நிற்கும் சேர்மத்தைக் குறிப்பது இச்சொல் என்பது பாடநூல் தரும் பொருள். நன்னூல் காட்டும் நெறியில் இதனைப் பகுதி, விகுதி எனப் பிரித்து, இரண்டும் எவ்வழி வந்தன என்று தேடிச் சென்றால், வழியில் ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். அயோடினை முதன்முதலில் கண்ணால் கண்டவர் அவர். சொல்லின் பகுதியிலும் அவர் பெயர் இல்லை, விகுதியிலும் இல்லை. ஆயினும் அச்சொல்லின் வரலாற்றை அவரை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது.

பெர்னார் கூர்த்துவா பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் 1777 பிப்ரவரி 8ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ழான் பப்திஸ்து கூர்த்துவா, டிஜோன் கலைக்கழகத்தில் கைட்டன் டி மார்வோ என்னும் அறிஞரிடம் ஆய்வகத் துணைவராகப் பணியாற்றியவர். மார்வோ வழக்கறிஞர் தொழிலிலிருந்து வேதியியலுக்கு வந்தவர். 1776ஆம் ஆண்டு முதல் அக்கலைக்கழகத்தில் பொதுமக்களும் கேட்குமாறு வேதியியல் சொற்பொழிவுகளை நடத்தியவர். அச்சொற்பொழிவுகளுக்கு வேண்டிய சோதனைகளைச் செய்து காட்டியது சிறுவன் பெர்னாரின் தந்தையார். எனவே குடுவையும் உலையும் அச்சிறுவனுக்கு விளையாட்டுப் பருவத்திலேயே பழகிப் போயின.

இந்த மார்வோவைச் சற்று நின்று நோக்க வேண்டும். அவர் காலத்தில் வேதிப் பொருள்களின் பெயர்கள் ஒழுங்கற்றுக் கிடந்தன. ஆண்டிமனி வெண்ணெய் என்று ஒன்று இருந்தது. அதில் வெண்ணெய் இல்லை. துத்தநாகப் பூ என்று ஒன்று இருந்தது. அது எச்செடியிலும் பூத்ததன்று. கண்டவர் பெயரும் ஊர்ப் பெயரும் கோள்களின் பெயரும் ஒரே பொருளுக்குப் பலவாக வழங்கின. 1782இல் மார்வோ இக்குழப்பத்தைக் களையும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். பின்னர் லவாய்சியர், பெர்த்தோலே, ஃபூர்க்ருவா ஆகிய மூவரும் அவரோடு சேர்ந்து 1787இல் வேதியியல் பெயரிடு முறை பற்றிய நூலை வெளியிட்டனர். ஒரு பொருளின் பெயர் அப்பொருளைப் பற்றியே பேச வேண்டும். அது எதனால் ஆனது என்று சொல்ல வேண்டும் என்பது அந்நூலின் உயிர்க் கொள்கை. நம் இலக்கணத்தார் கூறும் காரணப்பெயருக்கு நெருங்கிய கருத்து இது எனலாம்.

ஒரே பகுதியோடு வெவ்வேறு விகுதிகளைச் சேர்த்து வெவ்வேறு சேர்மங்களைக் குறிக்கும் வழக்கம் அந்நூலால் நிலைபெற்றது. ‘ஆக்சைடு’ என்னும் சொல்லை ஆக்கியவரும் மார்வோவே. ஆக்சிஜன் என்பதன் முற்பாதியும், அமிலத்தைக் குறிக்கும் ‘ஆசிடு’ என்னும் சொல்லின் இறுதியும் கூடிப் பிறந்தது அது. அவ்வாறு ஒட்டிக் கொண்ட இறுதியே காலப்போக்கில் தனி விகுதி போல் கழன்று, குளோரைடு, சல்பைடு, அயோடைடு எனப் பிற தனிமங்களின் பெயரோடும் சேரலாயிற்று. அயோடைடு என்னும் சொல்லின் வால் கூர்த்துவாவின் தந்தையார் பணி செய்த ஆய்வகத்துத் தலைவரிடமிருந்து வந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. அவ்விகுதி பிறந்தபோது பெர்னாருக்கு வயது பத்து.

தந்தையார் பின்னர் டிஜோனுக்கு அருகில் வெடியுப்பு ஆலை ஒன்றை நடத்தினார். வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. அக்காலத்தில் உலகின் சிறந்த வெடியுப்பு நம் நாட்டின் பீகார்ப் பகுதியிலிருந்து கிடைத்தது. அப்பகுதி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றபின் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தேவைக்குத் தங்கள் மண்ணையே நம்ப வேண்டியதாயிற்று. குப்பையும் சாணமும் சுண்ணாம்பு மண்ணும் கலந்து மேடு கட்டி, மாதக்கணக்கில் ஊற வைத்து, கால்சியம் நைட்ரேட்டு கசிந்த மண்ணை நீரில் கரைத்து வடித்து, அதனோடு மரச்சாம்பலின் காரத்தைச் சேர்த்துப் பொட்டாசியம் நைட்ரேட்டாக மாற்றுவார்கள். துர்நாற்றமும் கடும் உழைப்பும் நிறைந்த தொழில். பெர்னார் அத்தொழிலிலேயே வளர்ந்தார்.

ஓசேர் நகரத்து மருந்தாளுநர் ஒருவரிடம் மூன்றாண்டு பயின்றபின், மார்வோவின் துணையால் பாரிசின் பலதொழில் உயர்கல்விக் கூடத்தில் ஃபூர்க்ருவாவின் ஆய்வகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 1799இல் படை மருத்துவமனைகளில் மருந்தாளுநராகச் சேவை செய்தார். திரும்பி வந்து தெனாரிடமும், பின்னர் அர்மான் செகன் என்பவரிடமும் பணியாற்றினார். செகனின் ஆய்வகத்தில் அபினியின் உள்ளுறு பொருளைப் பிரிக்கும் ஆய்வில் கூர்த்துவாவின் கைகளும் உழைத்தன. 1804இல் செகன் அறிவியல் அவையில் இது குறித்துக் கட்டுரை வாசித்தார். ஆனால் அக்கட்டுரை அச்சேறியது 1814இல்தான். இடையில் செர்தூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளுநர் தம் ஆய்வை வெளியிட்டுவிட, மார்பின் கண்ட பெருமை அவருக்குச் சென்றது. கூர்த்துவாவின் வாழ்வில் பெருமை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமற்போன முதல் நிகழ்ச்சி இது. இதைவிடப் பெரியது ஏழாண்டுகளுக்குப் பின் வந்தது.

குடும்பத்தின் வெடியுப்புத் தொழில் பாரிசுக்கு மாறியிருந்தது. கூர்த்துவா ஆய்வகத்தை விட்டு அத்தொழிலுக்குத் திரும்பினார். நெப்போலியனின் போர்கள் ஓயாமல் நடந்த காலம். வெடியுப்பின் தேவை பெருகப் பெருக, மரச்சாம்பல் கிடைப்பது அருகியது. நார்மண்டி, பிரித்தானிக் கடற்கரைகளில் அலை ஒதுக்கும் கடற்பாசியை எரித்த சாம்பல் அதற்கு மாற்றாக வந்தது. அச்சாம்பலைக் கரைத்து, வேண்டிய உப்புகளைப் படிய வைத்து எடுத்தபின் எஞ்சும் கழிநீர் கூர்த்துவாவின் செப்புக் கொப்பரைகளை அரித்துத் தின்றது. தொழில் செய்பவருக்கு அது நட்டக் கணக்கு. வேறொருவர் கொப்பரையை மாற்றியிருப்பார். ஆய்வகப் பயிற்சி பெற்ற கூர்த்துவா அரிப்பின் காரணத்தைத் தேடினார். 1811ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் அக்கழிநீரில் அடர்ந்த கந்தக அமிலத்தைச் சேர்த்தபோது, கொப்பரையிலிருந்து அழகிய ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த பரப்பில் பட்ட ஆவி நீர்த்துளியாக மாறாமல், ஈயம் போல மின்னும் கருநிறப் படிகங்களாகப் படிந்தது.

பூனையொன்று அமிலக் குடுவையைத் தட்டிவிட்டதால் இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது என்றொரு கதையைச் சில நூல்கள் சொல்லும். சுவையான கதைதான். ஆனால் அரிப்பின் காரணம் தேடிய மனிதரின் உழைப்பைப் பூனைக்குத் தாரை வார்க்க நமக்கு மனம் வரவில்லை.

கூர்த்துவா அப்பொருளைத் தம்மால் இயன்றவரை சோதித்தார். அது நீர்வாயுவோடும் பாஸ்பரசோடும் உலோகங்களோடும் கூடுவதையும், கரியோடும் ஆக்சிஜனோடும் எளிதில் கூடாமையையும், அம்மோனியாவோடு சேர்ந்தால் தொட்ட மாத்திரத்தில் வெடிக்கும் தூளாவதையும் கண்டார். இது புதிய தனிமமோ என்னும் ஐயமும் அவருக்கு எழுந்தது. ஐயத்தைத் தீர்க்கும் கருவிகளும் பொருளும் ஓய்வும் அவரிடம் இல்லை. போர்க்காலத்தில் அரசுக்கு வெடியுப்பு அளக்க வேண்டிய கடமையும், ஆலைக் கடனும் இருந்தன. எனவே நண்பர்களான தெசோர்ம், கிளெமான் ஆகிய இருவரிடமும் அப்பொருளைக் கொடுத்து, ஆய்வைத் தொடருமாறு வேண்டினார். கேலுசாக்கிற்கும் ஆம்பியருக்கும் சிறிது சிறிது சென்றது. தாம் கண்டதை ஒளித்து வைத்துப் பொருளீட்ட அவர் எண்ணவில்லை. கேட்டவருக்கு வாரிக் கொடுத்தார்.

1813ஆம் ஆண்டின் இறுதி இரண்டு திங்களும் இப்பொருளின் வரலாற்றில் பரபரப்பானவை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற வேதியியலார் சர் ஹம்ப்ரி டேவி, இரு நாடுகளும் போரில் இருக்கும்போதே நெப்போலியனின் தனி அனுமதி பெற்றுப் பாரிசுக்கு வந்திருந்தார். உடன் வந்த இளம் உதவியாளர் மைக்கேல் பாரடே. நவம்பர் திங்களில் ஆம்பியர் அப்படிகங்களில் சிறிதளவை டேவியிடம் அளித்தார். டேவி தம்மோடு கொண்டு வந்திருந்த சிறு பெட்டி ஆய்வகத்தைத் தங்கியிருந்த விடுதி அறையிலேயே விரித்து வைத்துச் சோதனைகளைத் தொடங்கிவிட்டார். நவம்பர் 29ஆம் நாள் அறிவியல் அவையில் கிளெமான் புதிய பொருளை முறைப்படி அறிவித்தார். கண்டவர் கூர்த்துவா என்பதும் சொல்லப்பட்டது. ஒரு வாரத்தில், டிசம்பர் 6ஆம் நாள், கேலுசாக் அதே அவையில் தம் ஆய்வு முடிவுகளை வாசித்தார். இது குளோரினை ஒத்த புதிய தனிமம் என்றார். அடுத்த சில நாள்களில் டேவியும் அவ்வாறே முடிவு கட்டி இலண்டன் அரச கழகத்திற்கு எழுதி அனுப்பினார். பகைநாட்டான் ஒருவன் தம் தலைநகரிலேயே வந்து தம் கண்டுபிடிப்பைத் தட்டிச் செல்வதா என்று பிரெஞ்சு அறிஞர்கள் கொதித்தனர். முந்தியவர் யார் என்று இரு தரப்பாரும் நெடுநாள் வாதிட்டனர். அவ்வாதத்தில் கூர்த்துவா கலந்து கொள்ளவில்லை. அவர் ஆலையில் இருந்தார்.

பெயர் சூட்டு விழா இப்பரபரப்பின் நடுவிலேயே நடந்தது. கேலுசாக் கிரேக்க மொழியை நாடினார். கிரேக்கத்தில் ‘அயோன்’ என்பது ஊதாப் பூவொன்றின் பெயர். ‘எய்டோஸ்’ என்பது உருவம், சாயல் என்று பொருள்படுவது. இரண்டும் கூடிய ‘அயோஎய்டெஸ்’ என்பதற்கு ஊதாப் பூப் போன்றது என்று பொருள். அதனைச் சுருக்கிப் பிரெஞ்சு மொழியில் ‘இயோது’ என்று அவர் பெயரிட்டார். வெறும் பூவின் பெயரையே தனிமத்திற்குச் சூட்டும் கருத்தும் அப்போது உலவியது. அப்படிச் செய்தால் அதிலிருந்து பிறக்கும் சொற்கள் கிரேக்கத்தின் அயோனியா நாட்டைக் குறிக்கும் சொற்களோடு மயங்கும் என்று டேவி தடை சொன்னார். குளோரின் என்று 1810இல் தாம் சூட்டிய பெயரின் ஓசையோடு ஒத்துப் போகுமாறு ‘அயோடின்’ என்னும் வடிவத்தை ஆங்கிலத்திற்குத் தந்தவர் அவரே. டேவியின் தடை அவர் நினைத்ததைவிட நல்லதாகவே முடிந்தது. அன்று பெட்டி தூக்கி வந்த பாரடே, 1834இல் கிரேக்கத்தின் வேறொரு வேர்ச்சொல்லிலிருந்து, செல்வது என்னும் பொருளில், ‘அயான்’ என்னும் சொல்லை அறிவியலுக்குள் கொண்டு வந்தார். நாம் அயனி என்கிறோமே, அது அதுவே. பூவின் பெயரே நிலைத்திருந்தால், அயோடைடு அயனி என்று இன்று மாணவர்கள் சொல்லும் தொடர் என்ன பாடுபட்டிருக்கும்!

இவ்வாறு ‘அயோடைடு’ என்னும் சொல்லில் இரண்டு கூறுகள் கூடியுள்ளன. ‘அயோடு’ என்னும் பகுதி பூவையும் அதன் சாயலையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களின் தேய்வு. ‘ஐடு’ என்னும் விகுதி மார்வோவின் ஆக்சைடிலிருந்து கழன்று வந்தது. ஓசை ஒப்புமை கண்டு ‘ஐடு’ என்பதும் சாயலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே என்று கருதிவிடுதல் கூடாது. அது பகுதியிலேயே ஒடுங்கிவிட்டது. கேலுசாக் 1814இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில் இச்சேர்மங்களுக்குப் பிரெஞ்சு முறைப்படி ‘இயோதூர்’ என்று பெயரிட்டார். ஆங்கிலத்தில் பல வடிவங்கள் சிறிது காலம் போட்டியிட்டு, இறுதியில் ‘அயோடைடு’ நிலைத்தது. ஆக்சிஜனும் சேர்ந்திருந்தால் ‘அயோடேட்டு’. விகுதி மாறினால் பொருளே மாறிவிடும். நம் நாட்டில் பொட்டலங்களில் விற்கும் அயோடின் கலந்த உப்பில் பெரும்பாலும் சேர்க்கப்படுவது பொட்டாசியம் அயோடேட்டு, அயோடைடு அன்று. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் சூழலில் அயோடைடு சிதைந்து அயோடின் ஆவியாகிப் போய்விடும் என்பது காரணம்.

இன்னும் ஒன்று. ஊதா என்று பெயர் பெற்ற அயோடைடுகளின் நிறம் என்ன? பொட்டாசியம் அயோடைடு வெண்மை. வெள்ளி அயோடைடு வெளிர் மஞ்சள். காரீய அயோடைடு பொன் மஞ்சள். பாதரச அயோடைடு செந்நிறம். பாடநூலில் வரும் இவற்றுள் ஒன்றேனும் ஊதா அன்று! அவ்வளவு ஏன், கடற்பாசிச் சாம்பலின் கழிநீரில் கரைந்து கிடந்ததும் நிறமற்ற அயோடைடே. அமிலம் பட்டு அயோடின் தனித்துப் பிரிந்து ஆவியான பின்னரே ஊதா தோன்றியது. ஆகவே ஒரு சேர்மத்தை அயோடைடு என்று அழைக்கும்போது நாம் சொல்வது அச்சேர்மத்தின் நிறத்தை அன்று. கூர்த்துவா தம் கொப்பரையின் மேல் கண்ட ஆவியின் நிறத்தையே சொல்கிறோம். பெயர் சூட்டியவர் கேலுசாக். பெயருக்குரிய காட்சி கூர்த்துவாவினது.

பொட்டாசியம் அயோடைடின் வாய்பாட்டையும் பார்த்துவிடுவோம். ‘கே ஐ’ என்னும் இரண்டே எழுத்துகள். பின்னெழுத்தின் வரலாறு மேலே சொன்னது. முன்னெழுத்து ‘காலியம்’ என்னும் இலத்தீன் வடிவத்தின் முதலெழுத்து. அது ‘அல்கலீ’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உவர்நிலத்துச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கு அரபு மக்கள் வழங்கிய பெயர் அது. கூர்த்துவா தம் ஆலையில் நாள்தோறும் கரைத்தது அத்தகைய சாம்பலையே. கடற்பாசிச் சாம்பலில் பிறந்த உப்பின் வாய்பாட்டில், சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லும் ஆவியின் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அருகருகே நிற்கின்றன.

கண்டவரின் பெயரைத் தனிமத்திற்கு இட்டிருக்கலாகாதா என்று கேட்பது நியாயமே. கேலுசாக்கும் டேவியும் கூர்த்துவாவை மறைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. இருவரும் அவரே கண்டவர் என்று ஒப்புக்கொண்டனர். பெயர் பொருளைப் பற்றிப் பேச வேண்டும், ஆளைப் பற்றிப் பேசலாகாது என்பது 1787ஆம் ஆண்டின் நெறி. டிஜோனில் தந்தையாரின் தலைவர் வகுத்த நெறியே மகனின் பெயருக்கு இடமில்லாமற் செய்தது. நெறி நல்லதுதான் என்பது நம் கருத்து. ஆயினும் ஆய்வகமும் ஓய்வும் உடையவர்களின் புகழ் வளர்ந்து, ஆலைக்காரரின் பெயர் அடிக்குறிப்பாகச் சுருங்கியதற்கு அந்நெறி மட்டும் காரணம் அன்று.

1815இல் போர் முடிந்தது. கடல்வழிகள் திறந்தன. இந்திய வெடியுப்பு மலிவாக வந்திறங்கப் பிரெஞ்சு ஆலைகள் தளர்ந்தன. கூர்த்துவாவின் ஆலையும் தப்பவில்லை. இதனிடையே அயோடினின் மதிப்பு வேறொரு வழியில் உயர்ந்தது. கடற்பஞ்சைச் சுட்ட சாம்பல் முன்கழுத்துக் கழலைக்கு மருந்தாவதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதில் பயன் தருவது அயோடினே ஆகலாம் என்று கருதிய ஜெனிவா மருத்துவர் குவாந்தே, 1820இல் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். வளர்ந்த மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம் என்றும், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அதனைக் கொண்டே இயங்குகிறது என்றும் நாம் இன்று அறிவோம். அன்று அது வியப்புக்குரிய செய்தி. மருந்துக் கடைகள் அயோடினையும் அயோடைடுகளையும் கேட்டு வாங்கத் தொடங்கின. கூர்த்துவாவும் அயோடின் தயாரித்து விற்க முயன்றார். உரிமம் எதுவும் பெற்று வைக்காத அவர், தாம் வாரிக் கொடுத்த பொருளைத் தம்மைவிட வசதி படைத்தவர்களோடு போட்டியிட்டு விற்க வேண்டியிருந்தது. அம்முயற்சியும் நிலைக்கவில்லை.

1831இல் பிரெஞ்சு அறிவியல் அவை, அயோடினின் மருத்துவப் பயனைக் கருதி மோந்தியோன் பரிசாக 6,000 பிராங்குகளை அவருக்கு வழங்கியது. கண்டுபிடித்து இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த அத்தொகை கடன்பட்டவருக்கு எத்தனை நாளைக்கு உதவும்? 1838 செப்டம்பர் 27ஆம் நாள் பாரிசில் தம் அறுபத்தொன்றாம் வயதில், வறுமையில், பெர்னார் கூர்த்துவா காலமானார். அடுத்த ஆண்டு, 1839இல், அதே பாரிசில் தாகேர் என்பார் தம் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். மெருகிட்ட வெள்ளித் தகட்டை அயோடின் ஆவியில் காட்ட, அதன்மேல் படியும் வெள்ளி அயோடைடே ஒளியை வாங்கி உருவத்தைப் பிடித்தது. 1813இன் அறிவிப்புக்கு நூறாண்டு நிறைந்த 1913இல் டிஜோன் நகரத்தார் கூடி விழா எடுத்து, தம் ஊரில் பிறந்த கூர்த்துவாவை நினைவுகூர்ந்தனர். அந்நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் உண்டு.